பணியாளர் ஒளிர்மேலங்கி

விழா மலருக்குத் தமிழாசிரியர் எழுதுங் கட்டுரை பழந்தமிழிலக்கியத்தைப் பற்றியோ சமயகுரவர் பெருமையைப் பற்றியோ இருத்தல் வேண்டுமென்பது நெடுநாள் வழக்கு. அவ்வழக்கை இம்முறை யாம் மீறியுள்ளோம்; மலர்க்குழுவினர் பொறுத்தருள்க. இப்பொழுது எம் மேசைமீது கிடப்பது ஏட்டுச்சுவடியன்று, மஞ்சள் நிறக் கையில்லா மேலங்கியொன்று. தெருத் திருத்துவோரும், மின்கம்பம் நடுவோரும், கட்டட வேலை செய்வோரும் தம் உடைக்கு மேலாக அணிந்துகொள்ளும் ஒளிர்மேலங்கியே அது. அஃது எம் மேசைக்கு வந்த வரலாற்றை முதலிற் கூறுவாம்.

விழாவை முன்னிட்டுக் கல்லூரி வளவிலே புதிய மண்டப வேலை நடைபெற்றுக்கொண்டிருந்தது. ஒருநாள் மாலை, விளக்கு வைக்கும் நேரம், கருங்கல் ஏற்றிய லொறியொன்று வாயிலூடாகப் பின்னோக்கி உள்ளே வந்தது. வாயிலின் உட்புறத்தே குனிந்திருந்து கம்பி கட்டிய தொழிலாளி ஒருவர் அதனைக் கவனித்திலர். உடனிருந்தவர் கூக்குரலிட, அவர் ஒரு முழ இடைவெளியில் உருண்டு தப்பினார். முழங்கையிற் சிராய்ப்பைத் தவிர வேறு தீங்கில்லை. அவர் மேலங்கி அணிந்தேயிருந்தார் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. சாரதி நடுங்கியவாறு இறங்கி வந்து கூறிய சொற்கள் இன்றும் எம் செவியில் நிற்கின்றன: “மஞ்சளா ஏதோ தெரிஞ்சது ஐயா. மணலுக்கு மூடின படங்கு எண்டு நினைச்சன்.”

சாரதி பொய் கூறினாரல்லர். மறுநாட் காலை அம்மேலங்கியை வாங்கிப் பார்த்தோம். பல மாதம் வெயிலிற் காய்ந்து அதன் மஞ்சள், உதிர்ந்த பனையோலையின் நிறத்தை அடைந்திருந்தது. வெள்ளிநாடா மடிப்புக்கள்தோறும் வெடித்து உரிந்து சாம்பல் நிறத் துணியாய் எஞ்சியிருந்தது. கழுத்தின் உட்புறத்தே பெயர்ச்சீட்டு இருந்த இடத்தில் நூல் தைத்த அடையாளம் மாத்திரமே இருந்தது. மேலங்கி என்னும் பெயர் அதற்கு எஞ்சியிருந்ததேயன்றி, மேலங்கியின் தொழில் எஞ்சியிருக்கவில்லை. அணிந்தவரோ, தாம் பிறர் கண்ணிற்படுவதாக நம்பி வாயிலுக்கு முதுகு காட்டியிருந்தார். வெறுஞ் சட்டையோடு இருந்திருப்பின் இரண்டொரு முறையாவது திரும்பிப் பார்த்திருப்பார். தொழில் செய்யாத மேலங்கி, மேலங்கி இல்லாமையினும் தீது என்று யாம் துணிந்தது அப்பொழுதுதான்.

வேலையாட்களுக்கும், விழா நடைபவனியிலே தெருவோரம் நின்று மாணவரை வழிப்படுத்தும் தொண்டர்களுக்கும் புதிய மேலங்கி வாங்கும் பொறுப்பு எம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. சீட்டுக்களை எழுத்தெண்ணிப் படிக்கத் தமிழாசிரியரே தக்கவர் என்று விழாக்குழுவிலே ஒருவர் நகையாடினார். நகையாடலாகக் கூறியதாயினும் அதுவே உண்மையாயிற்று. பௌதிகம் கற்பிக்கும் நண்பரிடமும், பொறியியலாளராய் விளங்கும் பழைய மாணவர் சிலரிடமும் கேட்டுக் கற்றவற்றையே இங்கு எழுதுகின்றோம்.

ஒளிர்மேலங்கி ஒன்றுபோலத் தோன்றினும் உண்மையில் அஃது இரண்டு. துணி பகலுக்கு உரியது. நாடா இரவுக்கு உரியது. ஒன்றன் வேலையை மற்றது செய்யாது. இதனை அறியாதாரே, “நல்ல பளிச்சென்ற மஞ்சள்” என்று பகலிற் பார்த்து வாங்கி, இரவு வேலைக்குக் கொடுத்துவிடுகின்றனர்.

துணியின் நிறம் சாதாரணச் சாயமன்று. ஞாயிற்றொளியிலே கண்ணுக்குத் தெரியாத ஊதாக்கடந்த கதிர்களும், நீலம் முதலிய குற்றலைக் கதிர்களும் உள. புளோரொளிர்வுச் சாயம் அவற்றை உட்கொண்டு, கண் நன்கு உணரத்தக்க மஞ்சள்பச்சையாகவோ செம்மஞ்சளாகவோ வெளிவிடும். ஆதலின் அத்துணி தன்மேல் விழுந்த அந்நிறவொளியிலும் மிகுதியாகத் திருப்பித் தருவதுபோலத் தோன்றும். வைகறையிலும் அந்தியிலும் மப்பு மந்தாரத்திலும் அது தனித்து விளங்குவதற்கு இதுவே காரணம். அமெரிக்காவிலே கலிபோர்ணியாவைச் சேர்ந்த ஸ்விற்சர் சகோதரர்கள் 1930-களில் இத்தகைய வர்ணங்களை உருவாக்கினர். ‘டே-குளோ’ என்னும் பெயராலே அவை உலகெங்கும் பரவின. ஆயினும் இரவிலே, மோட்டார் விளக்கொளியில் ஊதாக்கடந்த கதிர் மிக அருகியிருத்தலின், இச்சாயத்தின் வலி அற்றுப்போகும். மஞ்சட் சோடியம் விளக்கின் கீழோ நிறவேறுபாடே புலப்படாது.

அவ்விடத்தே நாடாவின் வேலை தொடங்குகின்றது. கண்ணாடி முகத்தில் விழுந்த ஒளி வேறு திசையிலே தெறித்துச் செல்லும் என்பது கீழ்வகுப்பு மாணவரும் அறிந்தது. சுவரில் விழுந்த ஒளியோ எத்திசையுஞ் சிதறும். மேலங்கி நாடா இவ்விரண்டுமல்லாத மூன்றாவது முறையைக் கையாளுகின்றது: ஒளி எவ்வழி வந்ததோ அவ்வழியே அதனைத் திருப்பியனுப்புகின்றது. நாடாவின்மேல் மயிரிழைப் பருமனளவான கண்ணாடி மணிகள் எண்ணிறந்தன பதிக்கப்பட்டுள. மணியுட் புகும் ஒளி முறிந்து பின்புறத்தே குவிந்து, அங்குள்ள உலோகப் பூச்சிலே தெறித்து, மீண்டும் முறிந்து வந்த திசையே செல்லும். மணிகளுக்குப் பதிலாக, ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று முகங்களைக் கொண்ட நுண்ணிய அரியங்களை அமைத்துச் செய்யும் நாடாவும் உண்டு. சாரதியின் கண் அவருடைய வாகன விளக்குக்கு அணித்தாக இருத்தலின், திரும்பும் ஒளி அவர் கண்ணையே சென்று சேரும். அருகில் நிற்கும் வழிப்போக்கனுக்கு நாடா வெறுஞ் சாம்பலாகவே தோன்றும்.

இதனைச் சோதித்தறிதல் எளிது. இருளிலே மேலங்கியைச் சுவரில் தொங்கவிட்டு இருபது முப்பது அடி விலகி நின்று, கைவிளக்காகிய ரோச்சைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். நல்ல நாடா தீப்பற்றியதுபோலச் சுடர்விடும். ரோச்சை ஒருபுறமாகக் கைநீட்டிப் பிடித்தால் அவ்வொளி உடனே குன்றும். வெறும் வெள்ளிப்பூச்சுத் துணியாயின் இரண்டு நிலையிலும் மங்கலாகவே நிற்கும். கைத்தொலைபேசியின் மின்னொளியோடு படம் பிடித்தாலும் இவ்வேறுபாடு தெரியும். விளக்கும் வில்லையும் அருகருகே இருப்பதே காரணம். எம் வளவிலிருந்த பன்னிரண்டு பழைய மேலங்கிகளையும் இவ்வாறு பார்த்தோம். சுடர்விட்டவை மூன்று.

இவ்வுடை தொழிலாளரிடத்தே வந்த வரலாறுஞ் சுவையானது. 1964-ஆம் ஆண்டிலே பிரித்தானியப் புகையிரதப் பகுதியின் ஸ்கொத்லாந்துப் பிரிவினர், கிளாஸ்கோ நகரிலே பொலொக்‌ஷீல்ட்ஸ் முதல் எக்ளின்ரன் வீதி வரையுள்ள மின்மயமாக்கப்பட்ட பாதையிற் பணிபுரிவோருக்குச் செம்மஞ்சள் ஒளிர்சட்டை கொடுத்துப் பரீட்சித்தனர். ‘மின்மினி’ என்பதே அச்சட்டைக்கு வழங்கிய பெயர். அப்பாதையிலே வண்டி செலுத்தியவர்களையே வினவி, சட்டை பயன்படுகின்றதா என அறிந்தனர். இம்முறை எமக்கு மிகவும் உவப்பானது. அணிந்தவரையோ விற்றவரையோ கேளாது, காணவேண்டியவரைக் கேட்டனர் அன்றோ! பின்னர், மான்செஸ்ரருக்கும் குறூவுக்கும் இடையே மின்வண்டிகள் விரைந்தோடிய பாதையிலும் அச்சட்டைகள் வழங்கப்பட்டன.

மீண்டும் எம் சாரதியின் சொல்லுக்கு வருவாம். அவர் மஞ்சளைக் கண்டார், மனிதரைக் கண்டிலர். பொருள் தோன்றுதல் வேறு, இன்ன பொருளென அறிதல் வேறு என்பது தருக்கம் கற்றாருக்குப் புதிதன்று. சுவீடன் நாட்டு உளநூலறிஞர் குன்னார் யொகான்சன் 1973-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இவ்விடத்திற் பெரிதும் உதவுகின்றது. ஒருவருடைய தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூட்டுக்களில் மாத்திரம் ஒளிப்புள்ளிகளை அமைத்து இருளிலே நடக்கச் செய்தால், பார்ப்போர் நொடிப்பொழுதில் ‘மனிதர் நடக்கின்றார்’ என அறிந்துகொள்கின்றனர். அசையாது நிற்குமிடத்து அப்புள்ளிகள் பொருளற்ற கோலமே. மார்பிலும் முதுகிலும் மாத்திரம் நாடா உள்ள மேலங்கி இரவிலே மரக்குற்றிபோலவோ பீப்பாபோலவோ தோன்றலாம். கைகளிலும் கால்களிலும் நாடா இருப்பின் அது மனிதராகிவிடும். இரவுப் பணிக்குக் கையுடைய சட்டையும் பட்டியிட்ட காற்சட்டையும் வேண்டுமென வற்புறுத்தப்படுவது இதனாலேயே.

இனி, நியமங்களைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறவேண்டும். உலகிலே பெருவழக்காயுள்ளவை இரண்டு. ஒன்று, சர்வதேச நியமமாகிய ஐ.எஸ்.ஓ. 20471, இது 2013-இல் வெளிவந்து, ஈ.என். 471 என்னும் பழைய ஐரோப்பிய நியமத்தின் இடத்தைப் பெற்றது. மற்றையது ஐக்கிய அமெரிக்காவின் ஏ.என்.எஸ்.ஐ. 107. இரண்டும் மேலங்கிகளை மூன்று வகுப்புக்களாகப் பிரிக்கின்றன. சர்வதேச நியமத்தின்படி, முதலாம் வகுப்புக்கு ஒளிர்துணி 0.14 சதுர மீற்றரும் நாடா 0.10 சதுர மீற்றரும் குறையாதிருத்தல் வேண்டும். இரண்டாம் வகுப்புக்கு அவை 0.50-உம் 0.13-உம், மூன்றாம் வகுப்புக்கு 0.80-உம் 0.20-உம் ஆம். அமெரிக்க நியமம் தெருப்பணி உடைக்குச் சதுர அங்குலத்திலே கணக்குக் கூறினும், இரண்டாம், மூன்றாம் வகுப்புக்களின் அளவு ஏறத்தாழ ஒன்றாகவே வந்து முடிகின்றது.

இவ்வெண்களைக் கண்டு மலைக்க வேண்டா. நாடாவின் அகலம் 50 மில்லிமீற்றருக்குக் குறைதல் கூடாது. அவ்வகல நாடாவில் 0.13 சதுர மீற்றர் வேண்டுமெனின் நீளம் 2.6 மீற்றர் ஆகின்றது. இடுப்பைச் சுற்றிய ஒரே பட்டி ஒருபோதும் இதற்குப் போதாது. இரண்டு சுற்றாவது, அல்லது ஒரு சுற்றும் தோள்மேலாக இறங்கும் இரண்டு பட்டிகளுமாவது வேண்டும். அளவுநாடாவைக் கையிலெடுத்துக் கடைக்குச் சென்றாற் பாதி மேலங்கிகள் அங்கேயே தோற்றுவிடும். விரலகல நாடா தைத்த மேலங்கியை நாம் அளந்தபோது கடைக்காரர் எம்மை ஒருமாதிரிப் பார்த்தார்.

அக்கடைக்காரர் கூறிய வேறொரு சொல்லையும் இங்குக் குறித்தல் தகும். “இது முதலாந் தரம் மாஸ்ரர்” என்றார். அவர் ஏமாற்ற எண்ணிக் கூறினாரென யாம் கருதவில்லை. சீட்டிலே ‘1’ என்ற இலக்கம் இருந்தது. எல்லாப் பொருளிலும் முதலாந் தரமே சிறந்தது என அவர் கொண்டார். புகையிரதத்திலும் முதலாம் வகுப்பே உயர்ந்தது. மேலங்கியிலோ நிலைமை தலைகீழ்: மூன்றாம் வகுப்பே மேலானது, முதலாம் வகுப்புக் கடைப்பட்டது. இது தெரியாமல் வாங்கி, பெருந்தெருவிலே நிற்போருக்கு முதலாம் வகுப்பு மேலங்கியைக் கொடுத்துவிட்டு மனநிறைவோடிருப்போர் எத்தனை பேரோ!

எவ்விடத்துக்கு எவ்வகுப்பு என்பதற்கு வாகன வேகமே முதன்மையான அளவுகோல். மணிக்கு 60 கிலோமீற்றருக்கு மேல் வாகனம் ஓடும் தெருவில் மூன்றாம் வகுப்பும், 60-க்கு உட்பட்ட இடத்தில் இரண்டாம் வகுப்பும், 30-க்கு உட்பட்ட இடத்தில் முதலாம் வகுப்பும் கொள்ளலாமென்பது சர்வதேச நியமத்தின் பின்னிணைப்பிலுள்ள வழிகாட்டல். இதன் நியாயத்தைக் கணக்காலே காணலாம். 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வாகனம் ஒரு விநாடியிலே ஏறத்தாழ 17 மீற்றர் ஓடிவிடும். மணிக்கு 40 மைல் வேகத்திற் செல்லும் கார் நிற்பதற்கு 36 மீற்றரும், 60 மைல் வேகத்திலாயின் 73 மீற்றரும் வேண்டும் எனப் பிரித்தானிய நெடுந்தெரு விதிநூல் கூறுகின்றது. வேகம் ஒன்றரை மடங்காக, தூரம் இரண்டு மடங்காகின்றது. அவ்வளவு தூரத்துக்கு அப்பாலேயே பணியாளர் கண்ணிற்பட வேண்டும். ஆயினும் வேகம் ஒன்றே கணக்கன்று. கடுமழையும், வளைந்த தெருவும், பின்னோக்கி வரும் லொறியும் உள்ள இடத்தில் ஒரு வகுப்பு உயர்த்திக்கொள்வதே தகும் என்பது எம் கருத்து. எம் வளவிலே வந்த லொறி மனிதர் நடக்கும் வேகத்தினும் மெல்லவே வந்தது.

கையில்லா மேலங்கி, தனித்து நின்று மூன்றாம் வகுப்பாதல் இயலாது. உடலோடு கைகளையேனும் முழுக் கால்களையேனும் நாடாவுடன் மூடுவதே மூன்றாம் வகுப்பு. கையில்லாத ஒன்றின்மேல் ‘3’ எனப் பொறித்திருப்பின் அச்சீட்டை நம்பற்க.

நிறத்தைப் பற்றி வினவினோர் பலர். மஞ்சள்பச்சை, செம்மஞ்சள், சிவப்பு ஆகிய மூன்றையும் சர்வதேச நியமம் ஏற்கின்றது. பகலொளியில் மனிதர் கண் மஞ்சள்பச்சையையே மிகுதியாக உணர்கின்றது என்பது உண்மை. ஆனால் வாழைத்தோட்டத்தின் ஓரத்திலோ வெயில் படிந்த வயற்கரையிலோ அந்நிறம் சூழலோடு கலந்துவிடும். செம்மஞ்சள் தனித்து நிற்கும். செம்மஞ்சட் கூம்புகளும் அந்நிற இயந்திரங்களும் நிறைந்த இடத்திலோ இதற்கு மறுதலை. பிரித்தானியத் தண்டவாளப் பணியாளர் இன்றும் செம்மஞ்சளே அணிகின்றனர். ஆகவே கடைக்குச் செல்லுமுன் வேலைத்தலத்துக்குச் சென்று, பணியாளருக்குப் பின்னாலே என்ன இருக்கின்றதென்று பார்த்து வருதல் வேண்டும். கல்லூரி வர்ணத்திலே மேலங்கி வேண்டுமென்று குழுவில் ஒருவர் கேட்டார். கருநீல மேலங்கி எதற்கென்று யாம் திருப்பிக் கேட்டோம்.

கல்லூரி இலச்சினை பற்றிய விவாதமே மிக நீண்டது. முதுகு முழுவதும் இலச்சினையும், அதன் கீழே நன்கொடையாளர் பெயரும் பொறிக்கவேண்டுமென விழாக்குழுவிற் பெரும்பாலார் விரும்பினர். அச்சிட்ட இடம் ஒளிர்துணியாகக் கணிக்கப்படமாட்டாது. எஞ்சிய பரப்பு வகுப்புக்குரிய அளவினின்று குறைந்தால், மேலங்கி அவ்வகுப்பை இழந்துவிடும். நாடாவின் மேல் அச்சிடுதலோ இன்னுந் தீது. இதனை எடுத்துக் கூறியபோது முதலில் முகங்கோணியவர் நன்கொடையாளரே. பின்னர் அவரே, தம் பெயர் வேண்டாமென்றும், இலச்சினை மார்பிலே உள்ளங்கையளவில் அமைந்தாற் போதுமென்றுங் கூறிவிட்டார். எம் காரியம் எளிதாயிற்று.

எம் நாட்டு வெயிலிலே பருத்த துணி மேலங்கியை எவரும் நாள் முழுதும் அணியார்; பொத்தானை அவிழ்த்துவிட்டு இரு பக்கமும் பறக்கவிடுவர். அவ்வாறு திறந்த மேலங்கி முன்புறத்தே பயனற்றது. சுற்றிவரும் நாடாவிலே பூட்டுமிடத்து இடைவெளி 50 மில்லிமீற்றருக்கு மேற்படலாகாது என்று நியமமே கூறும்போது, ஒரு முழம் திறந்திருப்பது எங்ஙனம் பொருந்தும்? ஆதலின் சோதித்துத் தேறிய வலைத்துணி மேலங்கியை, அவரவர் உடலளவுக்கு ஏற்ப வாங்குதலே நன்று. சுழலும் இயந்திரத்தின் அருகிற் பணிபுரிவோருக்கு, இழுபட்டவுடன் தோளிலும் பக்கத்திலும் தானே கழன்றுவிடும் மேலங்கி வேண்டும். ஒட்டுவேலை செய்வோருக்குச் சாதாரணப் பொலியெஸ்ரர் ஆகாது. அது தீயில் உருகித் தோலோடு ஒட்டும். தீயெதிர்க்கும் துணி வேறாக உண்டு, சீட்டிலே அது குறிக்கப்பட்டிருக்கும்.

சீட்டு என்றோம். வாங்குவோர் படிக்கவேண்டிய நூல் அதுவே. உற்பத்தியாளர் பெயர், நியமத்தின் இலக்கமும் ஆண்டும், மேலங்கிச் சித்திரமும் அதனருகே வகுப்பு எண்ணும், உடலளவு, துவைக்கும் முறை ஆகியன அதில் இருத்தல் வேண்டும். ‘சர்வதேசத் தரம்’, ‘அதிசிறந்த ஒளி’ என்பன போன்ற புகழுரைகள் இருந்து இலக்கம் இல்லையாயின், அது பாயிரம் மாத்திரமுள்ள நூல். தொகையாக வாங்குவோர் சுயாதீனமான சோதனைச்சாலையின் சான்றிதழையுங் கேட்டு, அதிலுள்ள மாதிரி இலக்கமும் சீட்டிலுள்ள இலக்கமும் ஒன்றா எனப் பார்க்கவேண்டும். யாம் கேட்டபோது ஒரு விற்பனையாளர் உடனே காட்டினார். மற்றொருவர் நாளை தருவதாகக் கூறினார். அந்த நாளை இன்னும் வரவில்லை. நடைபவனித் தொண்டரைப்போல ஒருநாட் பொழுது நிற்போருக்கு, நடுத்தர இடர்நிலைக்குரிய உடைக்கான ஈ.என். 17353 என்னும் 2020-ஆம் ஆண்டு ஐரோப்பிய நியமம் உண்டு. ஆயினும், வாகனங்களை மறித்து நிற்கும் தொண்டருக்கும் வேலையாளருக்குரிய இரண்டாம் வகுப்பையே வாங்கினோம்.

வாங்கியதோடு கடமை முடியவில்லை. ஒவ்வொரு சலவையும் நாடாவைத் தேய்க்கின்றது. எத்தனை சலவைக்குத் தாங்குமெனச் சோதித்த தொகையைச் சில சீட்டுக்கள் கூறும். வெளிற்றும் பொடியும், துணியை மிருதுவாக்கும் திரவமும், நாடாவின்மேற் சூடான அழுத்தியும் விலக்கற்பாலன. சலவைத் தொகையைக் காட்டிலும் எம் வெயிலே பெரும் பகை. ஆகவே புதிய மேலங்கியொன்றை அணியாது பெட்டகத்தில் வைத்துள்ளோம். திங்கள்தோறும் ஏனையவற்றை அதனருகே பிடித்துப் பார்த்து, நிறம் வேறுபட்டதையும், ரோச் ஒளியிலே நாடா மங்கியதையும் நீக்கிவிடுதல் என்பது ஏற்பாடு. கட்டட மேற்பார்வையாளர் இதனை முதலில் வீண்வேலை என்றார். இரண்டாம் மாதத்திலே தாமாகவே ரோச்சுடன் வந்தார்.

கையில்லா மேலங்கி இருபதும், இரவிற் கொங்கிறீற்று இடுவோருக்குக் கையுடைய சட்டை ஆறும் வாங்கப்பட்டன. விலை முன்னையதினும் மூன்று மடங்கு. விழாக்குழுவின் பொருளாளர் கணக்கைக் கண்டு பெருமூச்செறிந்தாராயினும் கையொப்பமிட்டார்.

பழையவற்றைக் கழித்தெறிந்தால் மறுநாளே எவரேனும் எடுத்து அணிவர் என்றஞ்சி, ஒன்பதையும் கத்தரித்துத் துடைதுணியாக்கினோம். உருண்டு தப்பிய தொழிலாளி தம்முடையதை மாத்திரம் கேட்டார். “தோட்டத்து வெருளிக்குப் போடலாம் மாஸ்ரர்” என்றார். நாடாவை அறுத்தெடுத்துவிட்டுக் கொடுத்தோம்.